மூச்சு வாங்கும் விளக்கு

டியூப் லைட் இரைவது புதிதல்ல. ஆனால் இரைகிற டியூப் லைட் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி அஹ்சன் இதுவரை கேட்டதில்லை.

முதலில் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தான். ஸ்டூலின் மேல் நின்றபடி, ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுபடி கவனித்தான். ஒரே சீராக நீண்டுகொண்டிருந்த ஓசை சட்டென்று அறுந்தது. ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் வெளியே பெய்யும் மழையும், எதிர்க் கடையின் தகரக் கூரையில் விழும் தண்ணீரும், அதற்கு அப்பால் கடலும் கேட்டன. பிறகு ஓசை மறுபடி தொடங்கியது. சற்றுப் பலமாக, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்ட ஒருவன் தொடங்குவதுபோல.

"நீ ஒருத்தன் போதும்லே எனக்கு," என்று விளக்கைப் பார்த்துச் சொன்னான்.

கன்னியாகுமரியில் கடற்கரைக்கு இறங்குகிற சந்தில், பழைய லாட்ஜ் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அவனுடைய கேம் சென்டர். முன்பு யாத்திரை வருகிறவர்களின் பெட்டி படுக்கைகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. எவ்வளவு கழுவினாலும் ஈரப் பாயின் வாசனை போகாது. சுவரோரம் வரிசையாக மெஷின்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி, இந்தக் கார் ரேஸ் மெஷின். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். சீட்டுகளுக்கு மேலே குறுக்காக ஒரு பெரிய தகரப் பெட்டி. அதன் முகப்பில் படம் வரைந்த கண்ணாடி: இரவு நேரத்து நகரம், அடுக்குமாடிக் கட்டடங்கள், சாலையில் பறக்கும் சிவப்புக் கார். உள்ளே டியூப் லைட் எரிந்தால் படத்திலுள்ள ஜன்னல்கள் எல்லாம் மஞ்சளாக ஒளிரும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அப்பா அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு உள்ளே வருவார்கள்.

வந்த வேகத்தில் திரும்பியும் போனார்கள். அதுதான் அவனுடைய பிரச்சினை.

மெஷினை அனுப்பியவன் ரசலையன். மார்த்தாண்டத்துக்காரன். சவூதியில், தம்மாமில் அஹ்சனோடு ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சோறு தின்ற கூட்டாளி. அங்கே ஒரு விளையாட்டுக் கூடத்தில் மெஷின்களைப் பழுது பார்ப்பவன். கூடத்தை மூடுகிறார்கள் என்று தெரிந்ததும் இதைக் கப்பலில் ஏற்றிவிட்டான். வந்து இறங்கியபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது, விளக்குப் பெட்டியில் ஸ்டார்ட்டர் மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய ஓட்டையின் மேல் கருப்பு டேப்பை இறுக்கி, பல சுற்றாக ஒட்டியிருந்தார்கள். வழியில் தொலைந்திருக்கும் என்று நினைத்து அஹ்சன் டேப்பைக் கிழித்து, புது ஸ்டார்ட்டரை வாங்கிப் போட்டான். விளக்கு எரிந்தது. இரைச்சலும் தொடங்கியது.

அவன் கவலைப்படவில்லை. சவூதிச் சாமான் என்றால் இங்கே இரையும். கல்ஃபுக்குப் போய்வந்த எந்த வீட்டில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அங்கே கரண்டின் துடிப்பு அறுபது, இங்கே ஐம்பது. அவன் மனைவி சுல்ஃபியாவுக்கு ஆசையாய்க் கொண்டுவந்த மிக்ஸி தேங்காய் அரைக்கும்போதெல்லாம் வயிற்று வலிக்காரனைப்போல முனகும். சோக்கை மாற்றினால் தீர்ந்தது என்று நாகர்கோவிலில் போய் நம்மூர்ச் சோக் வாங்கிவந்து மாட்டினான்.

இரைந்தது.

டியூபை மாற்றினான். இரைந்தது. ஹோல்டர்களை மாற்றினான். வயரை உருவிப் புது வயர் இழுத்தான். இப்போது அதில் மிச்சமிருந்த சவூதிச் சாமான் தகரப் பெட்டியும் படக் கண்ணாடியும்தான். தகரத்துக்கு ஐம்பது ஏது, அறுபது ஏது? அவனுக்குத் தலை பற்றிக்கொண்டு வந்தது. மாலை போட்ட சாமிமார்கள் கூட்டம் கூட்டமாக வருகிற சீசன். உள்ளே வருகிறவர்கள் சீட்டில் உட்கார்வார்கள், ஸ்டியரிங்கைத் திருப்புவார்கள், கொஞ்ச நேரத்தில் காதைத் தேய்த்துக்கொள்வார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், எழுந்து எதிரில் இருக்கும் ஐஸ்கிரீம் கடைக்குப் போய்விடுவார்கள்.

இந்தச் சீசன் கைவிட்டால் மறுபடி தம்மாம். கம்பெனியில் விசா தயாராக இருந்தது, அவன் ஒரு போன் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் போனை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். காரணம் பயணமோ வெயிலோ அல்ல. அவனுடைய மகள் ஜஸீனா. கடைசியாக அவன் ஊர் வந்து வீட்டுப் படியேறியபோது அவள் உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்ப போவாவ?" என்று கேட்டாள். சுல்ஃபியா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அன்று இரவு கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். பிள்ளை அவனை வாப்பா என்று கூப்பிடத் தொடங்கியதே இப்போதுதான்.

ஷட்டருக்குக் கீழே செருப்புச் சத்தம். பாதி இறக்கியிருந்த ஷட்டரைக் குனிந்து கடந்து சுல்ஃபியா வந்தாள். கையில் சோற்றுப் பாத்திரம், இடுப்பில் ஜஸீனா.

"மத்தியானம் கழிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. நீங்க அதைக் கெட்டினியளா, என்னைக் கெட்டினியளா?"

"உன்னைக் கெட்டினதுக்கு இது பரவாயில்லட்டி. இதுக்குச் சுவிட்ச் உண்டு."

"பின்னே அணைச்சுப் போடுங்க. இது ஒண்ணு கிடந்துட்டுப் போட்டும். மத்ததெல்லாம் ஓடுதுல்லா?"

"தெருவுல இருந்து பாத்தா தெரியுதது இது ஒண்ணுதான் சுல்ஃபி. இது எரியலேன்னா கடை பூட்டிக் கிடக்குன்னு போயிருவாவ. சூரியன் அடங்கினதும் கடற்கரைக் கூட்டம் பூரா இந்தச் சந்து வழியாத்தான் ஏறும். அதுக்கு முன்னே முடிச்சிருவேன்."

"மழையில எந்தச் சூரியனைப் பாக்கப் போறாவ? சீக்கிரமா ஏறிருவாவ, பாத்துக்கிடுங்க."

ஜஸீனா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் மட்டும் மேலே, படக் கண்ணாடியில் இருந்தது.

"வாப்பா, கத்துது."

"கத்தல்ல மோளே, இரையுது."

"கத்துது," என்றாள் அவள், உறுதியாக. பிறகு உம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனார்கள். சாயாவோடு வருவதாகச் சொல்லிவிட்டுச் சுல்ஃபியா குடையை விரித்தாள். சோறு மூடியபடியே இருந்தது. அஹ்சன் போனை எடுத்து ரசலையனை அழைத்தான்.

எடுத்ததும், "லேய் மக்கா, செத்துட்டியா உயிரோட இருக்கியா?" என்பதுதான் ரசலையனின் வழக்கம். இன்று அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ரசலையா, நான்தாம்லே. நீ அனுப்பின சனியன் உயிரை வாங்குது. இரைச்சல் நிக்கல்ல. அங்கெ இருக்கும்போ இரைஞ்சுதா?"

"இல்லை," என்றது ரசலையனின் குரல். "நன்றாக இருந்தது."

"பின்னே ஸ்டார்ட்டரை எதுக்குப் புடுங்கினிய?"

"பின்பக்கம் திறந்து பாருங்கள். உள்ளே தலையை விட்டுப் பார்த்தால் தெரியும்."

"என்னலே, நியூஸ் வாசிக்கியா? திறந்து பாருங்கள்னு? மார்த்தாண்டத்துக்காரன் பேசுத பேச்சா இது?"

அஹ்சன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"லீவு கேட்டியா? கிறிஸ்மஸுக்கு வாறியா? உங்க அம்மை எங்கிட்ட போன்ல கிடந்து அழுவுதாவ. நீ விளிக்கியதே இல்லியாமே."

"உள்ளே தலையை விட்டுப் பாருங்கள்," என்று அதே குரல் அதே அளவில் சொன்னது. தொடர்பு அறுந்தது.

அஹ்சனுக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. உலகத்தில் ஒருவனும் உருப்படியாக ஒரு பதில் சொல்ல மாட்டான். போனைச் சீட்டில் எறிந்தான். ஸ்டூலில் ஏறி, பெட்டியின் பக்கவாட்டில் கைவிட்டு, எரிந்துகொண்டிருந்த விளக்கின் ஸ்டார்ட்டரைத் திருகிப் பிடுங்கினான். எரிகிற டியூபுக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை, பிடுங்கினாலும் எரியும். அணைத்தால்தான் மறுபடி பிடிக்காது. விளக்கு எரிந்தது. இரைச்சலும் இருந்தது. ஸ்டார்ட்டரைத் திரும்பவும் மாட்டிவிட்டு, இறங்கி, மெஷினின் சுவிட்சைத் தட்டினான்.

விளக்கு அணைந்தது.

இரைச்சல் அணையவில்லை.

அவன் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. இருண்ட படத்திலிருந்து, கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து, அது வந்துகொண்டிருந்தது. நீண்டு, கரகரத்து, இற்று, அறுந்தது. மூச்சு. மறுபடி.

லாட்ஜ்காரனின் வயரிங் என்று சொல்லிக்கொண்டான். எந்தக் காலத்துக் கட்டடம், எந்த லைன் எங்கே போகிறது என்று கட்டினவனுக்கே தெரியாது. இன்வர்ட்டர் லைன் ஏதாவது சுவருக்குள் தொட்டுக்கொண்டிருக்கும். எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஓதம், எதைத் தொட்டாலும் கோளாறு. கோபம் நல்லதாக இருந்தது. கோபம் இருக்கிறவரை முதுகில் ஊர்ந்த குளிரைக் கவனிக்க வேண்டியதில்லை.

மூலையில் இருந்த போர்டுக்குப் போய், பீங்கான் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினான். மற்ற மெஷின்களின் திரைகள் ஒரே நேரத்தில் செத்தன. சீலிங் விளக்கு போனது. ஃப்யூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தம்மாம் கம்பெனியில் என்றால் மெயினுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டுவார்கள். இங்கே சட்டைப் பைதான் பூட்டு. கட்டை தன்னிடம் இருக்கும்வரை யாரும் கரண்டை விட முடியாது. பை கனத்துத் தொங்கியது. அந்தக் கனம் ஆறுதலாக இருந்தது.

ஷட்டருக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பட்டை. அது தவிர வெளிச்சம் இல்லை. எதிர்க் கடையில் வாழைக்காய் பஜ்ஜி பொரியும் வாசனை ஈரத்தோடு தரையில் ஊர்ந்து வந்தது. தூரத்தில் யாரோ சரண கோஷம் போட்டார்கள், கூட்டமாகப் பதில் வந்தது. மனிதர்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள். நாலு எட்டில் தெரு.

இரைச்சல் நிற்கவில்லை.

மெதுவாக, யாரோ விழிப்பதுபோல, படத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின.

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கட்டை இருந்தது. டெஸ்டரை எடுத்து மெஷினின் வயரில் வைத்தான். டெஸ்டர் எரியவில்லை. வேறு முனையில் வைத்தான். எரியவில்லை. டெஸ்டரும் கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தான். நிமிர்ந்தான். தலைக்கு மேலே நகரம் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

போய்விடலாம். குனிந்தால் ஷட்டர், தாண்டினால் மழை, வீடு. ஆனால் போனால் இந்த மாலையும் போகும். நாளையும் இப்படியேதான் இருக்கும். பிறகு ஒரு போன், ஒரு விமானம், ஒரு அறை, திரும்பி வரும்போது படியில் நின்று யாரென்று கேட்கிற பிள்ளை. ஒரு விளக்குக்குப் பயந்தா?

"இன்னைக்கு ஒண்ணு நீ, இல்லேன்னா நான்," என்றான். ஸ்டூலை மெஷினின் பின்னால் நகர்த்தினான்.

பின்மூடியின் ஸ்குரூக்கள் கைக்கு இளகிக் கிடந்தன. அவன் நேற்று இறுக்கியவை. மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். உள்ளே வெள்ளையாய் வெளிச்சம், கண் கூசியது. டியூப் தொட்டால் சுடும் என்று நினைத்துத் தொட்டான். ஐஸ்போலக் குளிர்ந்தது. உள்ளேயிருந்து காற்று வந்தது. தகரப் பெட்டிக்குள்ளிருந்து காற்று. அதில் ஈரப் பாய் வாசனை இல்லை. பினாயிலும், பொரித்த சோளமும், ஓயாமல் ஓடும் ஏசியும் கலந்த வாசனை. அவனுக்குத் தெரிந்த வாசனை. வெள்ளிக்கிழமைகளில் ரசலையனைப் பார்க்கப் போனால் அந்தக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் முகத்தில் அடிப்பது.

தலையை உள்ளே விட்டான். இரைச்சல் எந்த முனையில் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். படக் கண்ணாடி ஒரு முழ தூரம்தான் இருக்கும். கையை நீட்டினான். கண்ணாடி கையில் படவில்லை. தோளை நுழைத்தான். இன்னும் நீட்டினான். படவில்லை. மழைச் சத்தம் எங்கே? கடல்? பஜ்ஜிக் கடைக்காரனின் குரல்?

இரைச்சல் மட்டும்.

பக்கத்தில். மிகப் பக்கத்தில். இத்தனை பக்கத்தில் அது இரைச்சலாக இல்லை. தொண்டை கிழிந்துபோன ஒரு மனிதன் விடாமல் கத்துகிற சத்தமாக இருந்தது. கத்தினான். நிறுத்தினான். மூச்சு வாங்கினான். மறுபடி கத்தினான்.

"லேய் மக்கா. உள்ள வராத. வராதலே."

ரசலையன்.

அஹ்சன் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

காலுக்குக் கீழே ஸ்டூல் இல்லை. பின்னால் தகரம். மூடி. முழுதாக மூடியிருந்தது. முழங்கையால் இடித்தான். அசையவில்லை. மறுபுறம் ஸ்குரூ திரும்பும் சத்தம். அவசரமில்லாமல். ஒன்று. பிறகு அடுத்தது.

முன்னால் இப்போது கண்ணாடி இருந்தது. கையில் பட்டது. கட்டடங்கள் இடம் வலம் மாறித் தெரிந்தன. ஒரு ஜன்னலில் கண்ணை வைத்தான்.

அவனுடைய ஹால். சீட்டில் அவனுடைய போன். மூடிய சோற்றுப் பாத்திரம். மெஷினின் பின்னாலிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஒருவன் முன்னால் வந்தான். ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கடித்திருந்தான். அஹ்சனின் சட்டை. சட்டைப் பை கனத்துத் தொங்கியது.

அஹ்சனின் முகம்.

அவன் போர்டுக்குப் போய், பையிலிருந்து ஃப்யூஸ் கட்டையை எடுத்து மாட்டினான். ஹால் பளிச்சென்று விழித்தது. மெஷின்கள் பாடத் தொடங்கின. அஹ்சன் கண்ணாடியைக் கைகளால் அறைந்தான். சத்தம் வரவில்லை. வாயைத் திறந்து கத்தினான். பக்கத்தில் இருட்டில் ரசலையனும் கத்திக்கொண்டிருந்தான்.

ஷட்டர் உயர்ந்தது. குடையை மடக்கி உதறியபடி சுல்ஃபியா. ஒரு கையில் சாயா பிளாஸ்க். இடுப்பில் ஜஸீனா. சுல்ஃபியா தலையைச் சாய்த்து விளக்கைக் கவனித்தாள். முகம் மலர்ந்தது.

"நின்னு போச்சே. லேசா ஒரு மூளல்தான் கேக்குது. எப்படிச் செய்திய?"

"சரியாகிவிட்டது," என்றான் அவன்.

"என்ன, நாடகமா நடிக்கிய?" அவள் சிரித்தாள். "கூட்டம் ஏறத் தொடங்கிட்டு. சாயாவைக் குடியுங்க."

ஜஸீனா இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினாள்.

"உம்மா, ரெண்டு பேரு கத்துதாவ."

"கத்தவில்லை," என்றான் அவன். "இரைகிறது."

பிள்ளை அவனை ஏறிட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உம்மாவின் தோளுக்குள் ஒடுங்கி, சின்னக் குரலில் கேட்டாள்.

"இந்த மாமா எப்ப போவாவ?"

சுல்ஃபியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தியளா, மறுபடியும் தொடங்கிட்டா. வாப்பாட்டி இது." பிள்ளையை அவனிடம் நீட்டினாள். பிள்ளை விறைத்தாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்டூலை விளக்குப் பெட்டியின் பக்கவாட்டில் போட்டு ஏறினான். அவன் முகம் ஜன்னலுக்கு நேரே வந்தது. உள்ளே பார்த்தான். கையை விட்டு ஸ்டார்ட்டரைத் திருகிப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கருப்பு டேப்பை எடுத்து ஓட்டையின் மேல் இறுக்கி, சுற்றிச் சுற்றி ஒட்டினான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இனி அணைந்தால் மறுபடி பிடிக்காது.

"இதை அணைத்துவிடுகிறேன். இது ஒன்று கிடக்கட்டும்," என்றான்.

"அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்," என்றாள் சுல்ஃபியா, சாயாவை ஊற்றியபடி. "சொன்னா யாரு கேக்கா?"

அவன் இறங்கி, சுவிட்சை நோக்கி நடந்தான். சந்தில் நனைந்த கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறி வந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜஸீனா மட்டும் உம்மாவின் தோளுக்கு மேலாக, ஜன்னல்கள் எரியும் அந்த நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதிலிருந்து ஒரு கையை எடுத்தாள். உதடு அசைந்தது. வாப்பா என்றுதான் சொன்னாள்.

விரல் சுவிட்சைத் தொட்டது.